‘ஸேர்’ முடிந்த நாள்

"இது உடம்பு வலியா, மனசு வலியா?" என்று ஹெர் வோஸ் கேட்டபோது மரைக்கேக்கு இரண்டுமே இருந்தது.

ஜெர்மனில் ‘ஸேர்’ என்றால் ‘ரொம்ப’. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்கு ‘வலியோடு’ என்று பொருள். லூனெபுர்க் அகராதி நிலையத்தில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை எழுதத்தான் மரைக்கேயைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் பெட்டி தூக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. சொல்லை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்களா என்ன? ஆனால் சரிபார்க்கும் வோஸ் விட்டால்தானே.

பதிவில் மனசு வலியையும் சேர்த்தாள்.

"டச்சுப் பங்காளிய விட்டுட்டீங்களே. அவங்க ‘வலி’க்கும் ‘ரொம்ப’வுக்கும் இன்னும் அதே சொல்லத்தான் சொல்றாங்க."

டச்சைச் சேர்த்தாள்.

"ஃபின்லாந்துக்காரங்க இதையே கடன் வாங்கி நோயாளிக்கு வச்சிருக்காங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

ஒரு பக்கம் முப்பது பக்கமானது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"எப்பதான் கையெழுத்துப் போடுவீங்க, ஹெர் வோஸ்?"

"என்ன அவசரம்? ‘கெர்ன்’னு ஒரே சொல்லுல நான் எத்தனை வருஷமா இருக்கேன் தெரியுமா?" ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி பெருமையாக வேறு சொன்னார். ‘கெர்ன்’ என்றால் ‘விருப்பத்தோடு’.

மரைக்கே இயக்குநரிடம் முறையிட்டாள். அவர் உடனே ஒரு குழு அமைத்தார். தலைவர், வோஸ். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வோஸ் வருடாந்தர நீர்ச் சிகிச்சைக்காகக் கடற்கரை ஊருக்குப் போனார். அன்றைக்கே இயக்குநரைப் பிடித்தாள்.

"முடிஞ்சிடுச்சா? குடுங்க," என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், விசேஷம் யாருக்கோ அவரே கேக் கொண்டுவரும் அந்த ஊர் வழக்கப்படி, தானே பிளம்ஸ் கேக் சுட்டு எடுத்துப்போய், பணியாளர் பிரிவு ஃப்ராவ் கிராம்ஸிடம் முதல் துண்டை நீட்டினாள்.

"பிரிவு உபசாரக் கேக்கா?" என்றாள் கிராம்ஸ் வருத்தமாக.

"ஐயோ இல்லங்க. என் சொல்லு முடிஞ்சிடுச்சு, அந்தச் சந்தோஷம்."

"அதத்தான் சொல்றேன். சொல்லு முடியற வரைக்கும்தானே உங்க வேலை? பாவம் வோஸ், அது முடியாம இருக்க எவ்வளவு பாடுபட்டார்."