சூப் நீர்த்துப்போனதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

பெருமதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பிடிவாதமும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். ‘பணிவுடன்’ என்ற சொல்லை ஒரு மரியாதைக்காகப் போட்டேன். இந்தக் கடிதத்தில் இனி அதை நீங்கள் எங்கேயும் பார்க்கப் போவதில்லை.

நேற்று போனில், “ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா என்ன கொறஞ்சு போயிடும்? மச்சான் மனசு நொந்து போயிருக்கார். அவர் நொந்தா உங்க அண்ணி நொந்துடுவா. அவ நொந்தா இந்த வீட்ல எனக்குச் சாப்பாடு கிடையாது” என்று சொன்னீர்கள். சொன்னதோடு நிற்காமல் மன்னிப்பு வாசகத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதிக்கொள்ளவும் சொன்னீர்கள். அப்போது லைன் தானாகக் கட் ஆகவில்லை அண்ணா. நான்தான் வைத்தேன். உங்கள் மச்சான் என் முதலாளி என்பதற்காக, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு, அதன்பிறகும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்ணத்தை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். என்னைப் பற்றி யார் கேட்டாலும் “மருந்து கம்பெனில வேலை” என்று சொல்கிறீர்கள். அதனால் போன தடவை வந்தபோது அண்ணியின் பெரியம்மா என்னிடம் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டார். நான் மருந்து செய்யவில்லை. நொதி செய்கிறேன். நொதி என்பது மணி கோத்த ஒரு நீளமான நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாகவே மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கும். அந்த மடிப்பு இருக்கும்வரைதான் அதற்கு வேலை செய்யத் தெரியும். சூடு ஏறினால் மடிப்புக் குலைந்துவிடும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு திரும்ப வழவழப்பாகாது அல்லவா, அந்தக் கதிதான். எங்கள் நொதியின் வேலை மாவுச்சத்தை வெட்டுவது. கெட்டியான மாவுக்கூழில் சேர்த்தால் கூழ் தண்ணீராகும். அதிலிருந்துதான் மிட்டாய்க்கும் ஜாமுக்கும் போகும் இனிப்புப் பாகு செய்கிறார்கள். ஆனால் பாகு ஆலையில் மாவைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் அது கரையும், அந்தக் கொதியில் சாதாரண நொதி செத்துப்போகும். கொதியிலும் சாகாத நொதி ஒன்றைச் செய்ய வேண்டும். எந்த மணியை எடுத்துவிட்டு எந்த மணியைக் கோத்தால் மடிப்பு இறுகும், எந்த வளைவு தளர்ந்து ஆடுகிறது, அங்கே எப்படிக் கொக்கி போடலாம், இதுதான் என் பிழைப்பு. நானும் என் கூட வேலை பார்க்கும் சொட்டு அம்மாவும் (ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றுவார், அதனால் ஆலையில் எல்லாருக்கும் அவர் சொட்டு அம்மாதான்) வருஷக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. ஒரு நொதிக்கு நாங்கள் கொக்கியாகப் போட்டு இறுக்கினோம். அது எந்தச் சூட்டுக்கும் அசையாமல் நின்றது, ஆனால் வேலையும் செய்யவில்லை. விறைப்பாக உட்கார்ந்திருந்தது, கல்யாண வீட்டில் பெரிய மாமா உட்கார்வாரே, அதுபோல. இன்னொன்று நன்றாக வேலை செய்தது, வெந்நீரைக் கண்டதும் குலைந்து குழைந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று கொஞ்சம் சூடு தாங்கியது. அதை உங்கள் மச்சான் ரொட்டி ஆலைக்கு அனுப்பச் சொன்னார். “சார், ரொட்டிக்கு வேற மாதிரி நொதி வேணும். அடுப்புக்குள்ள வேலைய முடிச்சிட்டு அங்கேயே செத்துடணும். இது சாகாது, ரொட்டிய உள்ளேயே அறுத்துட்டு இருக்கும்” என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். “ஒரே சரக்கு, ரெண்டு லேபிள். வியாபாரம் உனக்குப் புரியாதும்மா” என்றார். ரொட்டி வந்தது. வெளியே பொன்னிறம், உள்ளே கோந்து. வெட்டப் போன கத்தி அதிலேயே நின்றுவிட்டது. முதல் ரொட்டியைப் பெருமையாக உங்கள் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினார், ஞாபகம் இருக்கும். அண்ணியின் பல்செட் கழன்று ரொட்டியோடு போனதற்கு அன்று பழி என்மேல் விழுந்தது. நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இப்போதைய நொதி. கணக்குப்படி கொதியைத் தாங்க வேண்டும், ஆனால் கணக்கு வேறு கொதி வேறு. பெரிய அளவில் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கொதிகலன் ஒழுக ஆரம்பித்தது. பழுது பார்க்கச் சொன்னால் உங்கள் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வேலையை மூடிவிட்டு, வேறு யாரோ செய்த நொதியை வாங்கி நம் பாட்டிலில் ஊற்றி விற்பதாக முடிவு செய்துவிட்டார். அதைப் பேசி முடிக்கத்தான் பாகு ஆலைக்காரரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று காலை நான் பாட்டுக்குக் கேன்டீன் சமையல்காரரிடம் போய் அவருடைய பெரிய அண்டாவைக் கேட்டேன்.

“எடுத்துக்கோங்க மேடம். ஆனா பதினோரு மணிக்கு எனக்கு வேணும். விருந்தாளி வர்றாங்க, சூப் வைக்கணும்” என்றார் அந்த நல்ல மனுஷன்.

அண்டாவில் தண்ணீரோடு நொதியைச் சேர்த்துக் கொதிக்கவிட்டோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாவையும் நொதியையும் சேர்த்தே சூடாக்கினால் எந்த நொதியும் சாவதற்கு முன்னால் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் சாகும். அது சாட்சி ஆகாது. முதலில் நொதியை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மாவைக் கரைத்து ஊற்றி, அப்போதும் அது வெட்டினால்தான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கொதித்து முடிந்து மாவை ஊற்றப் போகும் நேரத்தில் உங்கள் மச்சான் சமையலறைக்குள் நுழைந்தார். “இது கேன்டீனா, லேபா? விருந்தாளி வாசல்ல வந்தாச்சு” என்று கத்தி, எங்கள் அண்டாவைக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தோம். அலசினோம். சமையல்காரர் சூப்புக்குக் காய்கறியைப் போட்டார். இதில் என்ன ஆபத்து என்று பயப்பட வேண்டாம். இந்த வேலையைச் செய்கிற நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது. நீங்கள் தினமும் விழுங்குகிறீர்கள்.

சாப்பாட்டு மேஜையில் நானும் சொட்டு அம்மாவும் கடைசி நாற்காலிகளில். சூப் வந்தது. உங்கள் மச்சான் ஒரு கரண்டி எடுத்தார். சூப் கரண்டியிலிருந்து வெறும் தண்ணீராக ஒழுகியது. சமையல்காரரை எல்லார் எதிரிலும் கூப்பிட்டு நிறுத்தி, “இத்தனை வருஷமா வேலை பாக்குற, ஒரு சூப்பக் கெட்டியா வைக்கத் தெரியலயா? நாளைலேர்ந்து வரவேணாம்” என்றார். அந்த மனுஷன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். 

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அதே அண்டா. அலசியும் போகாமல் ஒட்டியிருந்த நொதி. கொதித்து முடித்த நொதி. அதன்பிறகு சூப்பைக் கெட்டியாக்க ஊற்றிய சோள மாவு. நான் செய்ய நினைத்த சோதனையைச் சூப்பே செய்து முடித்துவிட்டது. எழுந்து ஓடி, சுவரில் தொங்கிய முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் பாட்டிலை எடுத்துவந்தேன். மாவு இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாகும், இது பள்ளிக்கூடப் பாடம். ஆகவில்லை என்றால் மாவு வெட்டுப்பட்டுவிட்டது. எந்தக் கிண்ணம் கையருகே இருந்ததோ அதில் விட்டேன். அது விருந்தாளியின் கிண்ணம். இதுதான் என் குற்றம் என்கிறார்கள். சூப் நீலமாகவில்லை அண்ணா. பக்கத்துத் தட்டிலிருந்த ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு விட்டேன், மை கொட்டியது போல் கறுத்தது. “சார், சமையல்காரர் மேல தப்பே இல்ல. சூப்பத் தண்ணியாக்கினது என் நொதி. கொதிச்சும் சாகல” என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

உங்கள் மச்சான் முகம் அந்த ரொட்டித் துண்டின் நிறத்துக்கு வந்தது. ஏனென்றால் அதற்குச் சற்று முன்புதான் அவர், “எங்க ஆளுங்களால கொதி தாங்குற நொதி பண்ண முடியல, வெளியேர்ந்து வாங்கித் தர்றோம்” என்று சொல்லி முடித்திருந்தார். பாகு ஆலைக்காரர் தன் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்தம்மா சொல்றது நெசம்னா எனக்கு வெளிச்சரக்கு எதுக்கு? இதுலயே ஒரு பாட்டில் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். பாட்டிலை எடுத்துக்கொண்டு போயும்விட்டார். சமையல்காரரை வேலையை விட்டு அனுப்பும் பேச்சு அன்றைக்கு அதோடு நின்றது.

இப்போது உங்கள் மச்சான் என்ன கேட்கிறார்? “விருந்தாளியின் உணவில் அயோடின் கலந்ததற்கும், கேன்டீன் பாத்திரத்தை அசுத்தம் செய்ததற்கும் மனம் வருந்துகிறேன், இது என் கவனக்குறைவு” என்று எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் தப்பு சமையல்காரருடையதுதான் என்று அவர் எடுத்துக்கொள்வாராம். எடுத்துக்கொள்ளட்டும். நான் விடுவதாக இல்லை. எல்லார் முன்னிலையிலும் விசாரணை வைக்கச் சொல்லி ஆலை அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிவிட்டேன். சமையல்காரர் வந்து நின்று என்ன ஊற்றினார், எப்போது ஊற்றினார் என்று வரிசையாகச் சொல்லட்டும். சொட்டு அம்மா அயோடினோடு நிற்பார். கவனக்குறைவாம். கொதியில் சாகாத ஒன்றைக் கவனக்குறைவாகச் செய்துவிட முடியுமா? உங்கள் மச்சானைக் கவனத்தோடு ஒன்று செய்து காட்டச் சொல்லுங்கள். அண்ணி நொந்தால் நோகட்டும். உங்களுக்கு அங்கே சாப்பாடு இல்லையென்றால் இங்கே வாருங்கள், ரொட்டியைத் தவிர எது வேண்டுமானாலும் செய்து போடுகிறேன்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. பெரியவர்களுக்கு வணக்கம். உங்கள் மச்சானைப் பார்த்தால் நான் திடமாக இருப்பதாகச் சொல்லவும். எல்லாரும் நோய்நொடியில்லாமல், நல்ல செரிமானத்தோடு நீடூழி வாழ வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அடங்காத தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் வாசல் மணி அடித்தது. சமையல்காரர். கையில் ஒரு டம்ளர்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது” என்றார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். எதுவும் விழவில்லை. உள்ளே சோள மாவு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிக் காய்ந்திருந்தது. “சூப்புல ஊத்தத்தான் கரைச்சு வச்சேன். சார் வந்து கத்தினாரா, ஜன்னல் ஓரமா வச்சது அப்படியே மறந்துபோச்சு. இன்னிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் பாத்தேன். சூப்புல நான் மாவே போடல மேடம். நீங்க எனக்காக எல்லார் முன்னாடியும் நின்னீங்க. இத மறைச்சுட்டு எனக்குத் தூக்கம் வராது. விசாரணைல கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். என் சம்பளத்துலதான் மூணு பேர் சாப்பிடறாங்க, ஆனாலும் சொல்லமாட்டேன்.”

மாவே இல்லாத சூப்பில் அயோடின் எப்படி நீலமாகும்? விருந்தாளி முன்னால் நான் கூவியது வெறும் காய்கறித் தண்ணீரைப் பார்த்து.

உடனே அவரையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனேன். இரண்டு அண்டா வைத்தோம். ஒன்றில் வெந்நீரைக் கண்டதும் குலைந்த பழைய நொதி, ஒன்றில் புதியது. இரண்டையும் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றினோம். இந்தத் தடவை அவர் மறக்கவில்லை, நானும் பக்கத்திலேயே நின்றேன். முதல் அண்டாவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. இரண்டாவதில் கூழ் தண்ணீராக ஓடியது. திரும்ப ஒருமுறை செய்தோம், அதேதான். நொதி உண்மை அண்ணா. சூப்தான் பொய். பாகு ஆலைக்காரருக்குப் போன பாட்டிலில் குறை இல்லை.

ஆனால் விசாரணை நடந்தால் அந்த மனுஷன் உண்மையைச் சொல்வார், சொன்ன அன்றே வேலை போகும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை வரும்போதே கிழித்துவிட்டேன். மேலே எழுதியிருப்பதை எல்லாம் படித்ததும் கிழித்துவிடுங்கள், அண்ணியிடம் மூச்சு விடாதீர்கள். உங்கள் மச்சான் கேட்ட மன்னிப்புக் கடிதம் இதனுடன் இருக்கிறது. சூப் கெட்டது முழுக்க முழுக்க என்னால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். “இனி இவ்வாறு நடக்காது” என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். நாளைக் காலை எனக்கு அந்த அண்டா மறுபடியும் வேண்டும்.