பேட்டரியை மிச்சம் பிடித்த சாயங்காலம்

தனியாக இருக்கும் ஆண்கள் தேவையில்லாத ஏதாவது ஒன்றில் நிபுணராகிவிடுகிறார்கள். மனைவி செல்வி கோவைக்கு மாற்றலாகி, மகளையும் கூட்டிக்கொண்டு போன பிறகு, இலத்தூர் வீட்டில் நான் லினக்ஸ் மடிக்கணினியின் பேட்டரியை மிச்சம் பிடிப்பதில் நிபுணன் ஆனேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். பிராசசர் வேகத்தைக் குறைத்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் வைஃபையும் அடிக்கடி தூங்கட்டும் என்று ஒரு வரி கட்டளை எழுதிவைத்தேன். மூன்று மணி நேரம் வந்த பேட்டரி ஆறு மணி நேரம் வந்தது. (அந்த ஆறு மணி நேரத்தில் செய்ய எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது வேறு விஷயம்.)

எங்கள் கல்யாண நாள் சாயங்காலம். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வந்து, காற்றில் கரண்ட் போனது. போனை சைலண்டில் போட்டு, சிக்னலுக்காக ஜன்னலில் வைத்து, அதன் இணையத்தில் மடிக்கணினியிலிருந்து வீடியோவில் அழைத்தேன். பெரிய திரையில் இரண்டு முகமும் நன்றாகத் தெரியுமே என்ற ஆசைதான். தெரிந்தார்கள். சிரித்தார்கள்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

இருவரும் அசையாமல் கேட்டார்கள். (என் பேச்சை அவர்கள் அப்படி என்றைக்குமே கேட்டதில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) அந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு ஆளுக்குச் சோறு வைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை என்பதை, ஆள் சத்தத்துக்காகவே டிவியை ஓடவிடுவதை, மகளின் பழைய செருப்பை வாசலிலிருந்து எடுக்க மனம் வராததை. கடைசியில் அழுதும்விட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு இருமல். பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

"ஏலே, யார்ட்டலே பேசுத? இங்கன ஒன் போனு மின்னி மின்னி அணையுது. ஒன் பொண்டாட்டிதாம்லே கூப்பிடுதா!"

எடுத்தேன். "ஒண்ணு சொல்லணும்னிய, அப்படியே சிலையா நின்னுட்டிய. கால் மணி நேரமா கூப்பிடுதேன், என்னாச்சு?" என்றாள் செல்வி பதறிப்போய்.

மடிக்கணினியின் வைஃபை தூங்கியிருந்தது. திரையில் இருவரும் இன்னும் அதே பாதிச் சிரிப்பில் உறைந்திருந்தார்கள். பேட்டரியில் எண்பத்தெட்டு சதவீதம் மிச்சம்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "தாயி, அவன் அழுதுட்டான் தாயி! செருப்புக்கெல்லாம் அழுதான்!" என்று கத்தினார்.

செல்வி மெதுவாக, "போன்லயே பேசியிருக்கலாம்லா?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காலை இருவரும் வந்து இறங்கினார்கள். ஞாயிறு சாயங்காலம் தென்காசியில் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போதும் வரும்போதெல்லாம், நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் மகள் பாதிச் சிரிப்பில் சிலையாகிவிடுவாள். அண்ணாச்சி உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். விளையாடுகிறாள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அவள் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு அடுத்த வார்த்தை வரும்.