கட்டுப்பல்லால் கார் பார்த்த காக்கா

கிழக்கிலங்கையில் ஓடும் எந்தக் காரின் நோயையும் வாயை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கட்டுப்பல் காக்காதான். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அவர் ஏறாவூரில் கராஜ் வைத்திருக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே கையை விரிப்பார். கட்டுப்பல் என்றால் சின்னப் பிள்ளையும் வழிகாட்டும்.

மேலும் கீழும் முழுவதும் கட்டுப்பல். இரண்டுமே தளர்ந்து ஆடும். அதைத்தான் அவர் கருவியாக வைத்திருந்தார். நம்மை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறி, கண்ணை மூடி, “ம், அமத்துங்க” என்பார். பிறேக் பிடித்ததும் அவர் வாய்க்குள் கடகடவென்று சத்தம் வரும்.

“மேல்பல்லு அடிச்சா முன்சில்லு தம்பி. கீழ்ப்பல்லு அடிச்சா பின்சில்லு.”

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். தவறிப்போனால் அன்று காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கின் மேல் பழியைப் போட்டுவிடுவார். ஒருமுறை லொறிக்காரர் ஒருவர் கொஞ்சம் பலமாக அமத்தியதில், மேல்வரிசை பறந்துபோய்க் கண்ணாடியில் அடித்து விழுந்தது. காக்கா பதறவில்லை. எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டு, “பிறேக் நல்லா இரிக்கி, கொண்டு போங்க” என்றாராம்.

கல்லடியிலிருந்து நான் அவரிடம் ஓடியது மச்சானின், அதாவது மனைவியின் தம்பியின், கலியாணத்துக்கு முந்தின வாரம். என் பழைய காரில் பிறேக்கைத் தொட்டால் போதும், ஸ்டேரிங் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். அந்தக் காரில்தான் மாப்பிள்ளையைப் பெண்ணின் ஊரான வெல்லாவெளிக்குக் கொண்டுபோவது என்று, தன் பெரியக்காவுக்குப் போட்டியாக, என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

“இந்த ஆட்டத்துல தம்பிட தலப்பா கழண்டு மடியில விழும். மறுகா பெரியக்காட வான்லதான் அவன ஏத்தோணும். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கொண்டு சபையில நிக்கிற?”

காக்காவை ஏற்றிக்கொண்டு போய் அமத்தினேன். என் கை தோள்வரை ஆடியது. காக்கா கல்லுமாதிரி இருந்தார். வாயில் ஒரு சத்தமும் இல்லை.

“ஒண்டுமே இல்லையே தம்பி.”

“காக்கா, என்ட கையப் பாருங்க!”

“அது ஒங்கட பயம்.”

திரும்ப ஓட்டினோம். திரும்பவும் கல். அப்போதுதான் கவனித்தேன், அவர் வாய் பளபளவென்று மின்னியது. கத்தாரிலிருந்து லீவில் வந்த மகள், வாப்பா ஆசைப்பட்ட முறுக்கைக் கடிக்கட்டும் என்று புதுப்பல் கட்டிவித்திருக்கிறாள். பசை போட்டு ஒட்டினதுபோல அப்படியே பிடித்திருந்தது. புதுப்பல் ஆடாததால்தான் சத்தம் இல்லை என்று நான் சொன்னதும் காக்காவின் முகம் விழுந்துவிட்டது.

“ஸ்டேரிங் நடுங்கிறது உண்மதானே, முன்சில்லக் கழட்டுங்களன்” என்று கெஞ்சினேன்.

“பல்லு சொல்லாம சில்லுல கை வெச்சதில்ல நான்.”

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அழுகை வராத குறை. கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து வீட்டுக்கு நடந்தார். மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் தன் மனைவி ஒளித்து வைத்திருந்த பழைய பல்லைத் தேடிப் போட்டுக்கொண்டு, கண் கலங்க வந்து ஏறினார். மிளகாய்த்தூளாலா, மனவருத்தத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அமத்தினேன். கடகட!

“மேல்பல்லு! மேல்பல்லு தம்பி!” என்று சீட்டில் துள்ளினார். முன்சில்லுகளைக் கழற்றினால், பிறேக் பிடிக்கிற இரும்புத்தட்டு இரண்டும் கோணிப்போயிருந்தன. லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்து, துருவெல்லாம் சுரண்டிப் பூட்டினார். ஸ்டேரிங் அடங்கிவிட்டது. எனக்கு வந்த சந்தோசத்தில் அவரைக் கலியாணத்துக்குக் கூப்பிட்டேன்.

“புதுப்பல்லோட வாங்க காக்கா. முறுக்கு, வடை எல்லாம் இரிக்கி.”

“அதுக்குத்தானே அந்தப் பல்லு!” என்று சிரித்தார்.

கலியாணத்தன்று வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக வந்து, மாப்பிள்ளைக்கு முன்னமே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வெல்லாவெளி ரோட்டில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் நான் அமத்த, அவர் கண்ணை மூட, பின்னால் மனைவி தலைப்பாவையே பார்க்க, அது அசையவே இல்லை. இறங்கும்போது அவள் பெரியக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு கார் வாங்கலாம்.

பந்தியில் காக்காவுக்கு முறுக்கை வைத்தோம். எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், திரும்ப வைத்துவிட்டுப் பாயாசத்தை மட்டும் குடித்தார்.

“ஏன் காக்கா, கடிங்களன்.”

“ஏலா தம்பி. பழைய பல்லத்தான் போட்டு வந்திருக்கன்.” குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள்ள போற கார். புதுப்பல்ல நம்பி அந்தப் புள்ளய ஏத்த ஏலுமா?”

அதை மனைவியிடம் போய்ச் சொன்னேன். மனைவி ஒரு பை நிறைய முறுக்கை அள்ளி அவர் கையில் திணித்தாள்.

“இது வீட்டில இரிக்கிற பல்லுக்குக் காக்கா.”

கார் இன்றுவரை நடுங்கவில்லை. ஆனாலும் வீட்டில் முறுக்குச் சுட்டால், ஸ்டேரிங் கொஞ்சம் ஆடுகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு நான் ஒரு பை முறுக்கோடு ஏறாவூருக்குப் போய்விடுவேன்.