கீழ்த்தளத்துக்கு ஒரு நொண்டல்

கீழ்த்தளத்தில் ஏழாம் எண் அறையில் இருந்த கணக்கு வாத்தியார் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். காலைச் சாப்பாடு முடிவதற்குள் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். மதியம் பார்த்தால் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆணிக்கு முன்னால் நின்று ஒரு சபதம் எடுத்தேன். அடுத்து இதில் தொங்கப்போவது எங்கள் பெயர்தான்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். வாத்தியாருக்காக நானும் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டவன்தான். ஆனால் இந்த முதியோர் குடியிருப்பில் ஒருத்தர் போனால்தான் இன்னொருத்தருக்கு இடம். எங்கள் அறை மாடியில். லிப்ட் உண்டு. எங்களைப் போல அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது. இருபத்திரண்டு படி ஏறவேண்டும். பாதியில், திருப்பத்தில், ஓர் அறிவிப்புப் பலகை. ஐந்து மாதமாக என் மனைவி அங்கே வந்ததும் நின்றுவிடுவாள். முட்டியைத் தடவிக்கொண்டே படிப்பாள். நானும் பெருந்தன்மையோடு கூட நிற்பேன்.

"முட்டி வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணித் தொட்டி கழுவப்போறாங்களாம். படிக்கிறேன்."

"நேத்தும் அதைத்தானே படிச்சே?"

"இன்னைக்குத்தான் நல்லா புரியுது."

வீம்பு! நர்சம்மாவிடம் சொல்லடி என்றால் கேட்கமாட்டாள்.

இங்கே சட்டம் இதுதான். நர்சம்மா 'கால் வலி' என்று எழுதினால் கீழ்த்தளம், ஜோடியாகவே போகலாம். நெஞ்சு, மூச்சு, மறதி என்று எழுதினால் பின்கட்டடம். அங்கே ஒற்றைக் கட்டில்தான். நாற்பத்தொன்பது வருஷம் சேர்ந்து சண்டை போட்டவர்கள் அதன் பிறகு பார்வையாளர் நேரத்தில்தான் சண்டை போடவேண்டும். அங்கே போன செருப்பு எதுவும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை.

அவள் சொல்லாவிட்டால் போகட்டும். அவளுக்காக நான் நொண்டுவேன்! முப்பத்தெட்டு வருஷம் துணிக்கடையில் நின்று 'சாயம் போகாதும்மா' என்று சத்தியம் செய்தவன் நான். நான் விற்ற சிவப்புப் போர்வையைத் துவைத்து ஓர் ஏரியே சிவந்துபோனது. சண்டைக்கு வந்த அம்மாவிடம் தப்பு ஏரியின் பேரில்தான் என்று நம்பவைத்து, இன்னொரு போர்வையும் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். எனக்கு ஒரு கால் எம்மாத்திரம்?

மறுநாளே நொண்டினேன். மனைவி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அடுத்த நாள் நர்சம்மாவின் பரிசோதனை.

"தாத்தா, கதவுலேருந்து ஜன்னல் வரைக்கும் நடங்க."

நடந்தேன். உருக்கமாக நடந்தேன். வாசலில் நின்ற சமையல்காரர் உச்சுக்கொட்டினார்.

"நேத்து வலது காலை இழுத்தீங்க. இன்னைக்கு இடது காலை இழுக்கிறீங்களே?"

பொய் என்று எழுதினால் மாடி. மறதி என்று எழுதினால் பின்கட்டடம். நர்சம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

"ரெண்டு காலும்தாம்மா," என்றாள் மனைவி, கண் இமைக்காமல். "முறை வச்சு வலிக்கும். இந்த மனுஷன் எதை ஒழுங்கா செஞ்சிருக்கார், வலி மட்டும் ஒழுங்கா வர்றதுக்கு?"

"எப்பலேருந்து இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

நர்சம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அறை மாறும் நாள் வந்தது. வாத்தியாரின் நாட்காட்டி இன்னும் சுவரில் இருந்தது. அவர் போன தேதியை யாரும் கிழிக்கவில்லை. எனக்கும் கை வரவில்லை. பெட்டியை எடுத்து வரலாம் என்று மாடிக்குக் கிளம்பினேன். திருப்பத்தில் மூச்சு அடைத்தது. அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மேலிருந்து மனைவி இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, தோளில் படுக்கை. என்னைத் தாண்டிப் போனாள். வெறுங்கையோடு ஏறினாள். மறுபடி மூட்டையோடு இறங்கினாள். நாலு தடவை. முட்டியை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

"ஏய், உன் முட்டி?"

"என் முட்டிக்கு என்ன கேடு?"

"அப்புறம் எதுக்கு அஞ்சு மாசமா இங்கே நின்னே?"

மூட்டையை இறக்கி வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. நீங்களா நிக்கமாட்டீங்க. வெளியே சொன்னா பின்கட்டடம். நான் தடவினாத்தானே நீங்க நிப்பீங்க?"

"அப்ப நான் நொண்டினதும் உன் ஏற்பாடா?"

"நொண்டுங்கன்னு நான் சொல்லியிருந்தா நீங்க நொண்டியிருப்பீங்களா?"

பதில் சொல்ல வாய் இருந்தது. மூச்சுதான் இல்லை.

இப்போது அந்த ஆணியில் எங்கள் பெயர் தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் பின்கட்டடம் தெரியும். அதனால் திறப்பதில்லை. கதவைத் திறந்தால் நேர் எதிரே நர்சம்மா மேஜை. அதை மூடி வைக்க வழியில்லை. காலையில் வெளியே ஓர் அடி எடுத்து வைக்கிறேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொல்கிறாள்:

"ஏங்க, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. இடது கால்."