கொலூட்டியா: தொடாதீர்கள்

தாவரவியல் படித்தவர்களிடம் செடியைக் காட்டி இது என்ன என்று கேட்காதீர்கள். தெரியாவிட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள். நான் பி.எஸ்சி. தாவரவியல், அதிலும் முதல் வகுப்பு (எல்லாவற்றையும் கெடுத்தது அந்த முதல் வகுப்புதான்).

வீட்டுக்கு ஒரு செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம் அது. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்த அத்தாவுக்கு, மகள் பஸ் ஏறி வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை. நான் சாப்பிடாமல் கிடந்ததில் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

“ஆறு மாசம் போயிட்டு வா. வேலையை நிரந்தரம் பண்ணிட்டாகன்னா இருந்துக்க. இல்லேன்னா நான் பாக்குற மாப்பிள்ளைக்கு மறுபேச்சு பேசக் கூடாது.”

அப்படித்தான் ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் பில் எழுதச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் எங்கள் முதலாளி வாணவேடிக்கை பார்க்க ஸ்பெயினுக்குப் போய்விட்டு, ஒரு கவர் விதையும் ஒரு போட்டோவுமாகத் திரும்பி வந்தார். போட்டோவில் ஒரு புதர். மஞ்சள் மஞ்சளாக அவரைப் பூ போலப் பூ. அதற்குக் கீழே ஊதிய பலூன் மாதிரி காய்கள்.

“இந்தக் காயை அமுக்குனா டப்புனு வெடிக்குதும்மா! செடியே வெடி போடுது! இது நம்ம கேட்டுல நிக்கணும். ஆடியில வடக்கேருந்து சேட்டு ஆர்டர் போட வாராரு. அவரு கையால வெடிக்க வைக்கிறோம். நீ செடி படிச்ச பிள்ளைதானே? இதை மட்டும் செஞ்சு காட்டு, நீ நம்ம கம்பெனி ஆளு.”

கல்லூரி நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். கொலூட்டியா. மத்தியதரைக் கடலோரத்துப் புதர். இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

விதைத் தோல் கெட்டி, கொதித்த நீரை ஊற்றி ஆற விட வேண்டும் என்றது புத்தகம். பட்டாசுக் கம்பெனிக்குள் அடுப்பு பற்றவைக்க முடியுமா? தீப்பெட்டியையே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எனவே வெளியே இருந்த டீக்கடையில் விதைகளைக் கொடுத்து, “சுடுதண்ணியில போட்டு வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டு பில் எழுதப் போய்விட்டேன்.

மதியம் போனபோது டீக்கடை அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. “நல்லா வெந்திருச்சும்மா. நசுக்கிப் பாத்துத்தான் எறக்குனேன்.”

எடுத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. எந்த மடச்சிக்கும் அது சுண்டல் என்று தெரிந்திருக்கும். நான் முதல் வகுப்பு அல்லவா? “அருமையா ஊறியிருக்கு” என்றேன்.

அடுத்தது மண். தண்ணீர் தேங்காத மணல் வேண்டும் என்றது அதே புத்தகம். மணலுக்கு எங்கே போவது? ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு வாளியில் ஓடை மணல் நிரப்பித் தொங்கவிட்டிருந்தார்கள், தீப்பிடித்தால் அள்ளிக் கொட்ட. நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட யாரும் அதைத் தொட்டதில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று வரிசையாக வாளிகளைக் கவிழ்த்து, காலி வாளிகளைப் பழையபடி தொங்கவிட்டு, கேட்டருகே பாத்தி கட்டி, வெந்த விதைகளை ஊன்றினேன்.

முளைத்தது! முதலாளி ஆளாளுக்கு லட்டு கொடுத்தார். பாத்தியைச் சுற்றிக் கம்பி வேலி. ‘கொலூட்டியா – தொடாதீர்கள்’ என்று லேபிள் அச்சடிக்கிற இடத்திலேயே நாலு கலரில் ஒரு போர்டு. கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு (எங்களுக்குக் குடிக்க உப்புத் தண்ணீர்தான்).

போட்டோவில் இலைகள் பொடிப்பொடியாக, ஜோடி ஜோடியாக இருந்தன. எங்கள் செடியிலோ ஒற்றை இலை, நாக்கு நீளத்துக்கு. முதலாளி கேட்கத்தான் செய்தார்.

“நம்ம வெயிலுக்கு இலை மாறியிருக்கு சார்” என்றேன், கண் இமைக்காமல்.

ஆனால் மஞ்சள் பூ பூத்தது, காயும் ஊதியது. அதன் பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? எல்லாரும் ஓடைக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஒருவருக்குக்கூட எதுவும் தோன்றவில்லை. கம்பி வேலிக்குள் நின்று கேன் தண்ணீர் குடித்தால் எருக்கஞ்செடியும் ஸ்பெயின்காரியாகிவிடும். பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிற அக்கா ஒருத்தி, “எம்புட்டு அழகா இருக்கு! வெளிநாட்டுப் பூவுன்னா சும்மாவா?” என்று தினமும் பெருமூச்சு விட்டாள். கணக்கப்பிள்ளை சர்க்கரை வியாதிக்கு ரகசியமாக நாலு இலை கேட்டார். கொடுத்தேன். (நல்லவேளை, மனிதர் பிழைத்துக்கொண்டார்.)

ஆடியில் சேட்டு வந்தார். மாலை, சந்தனம், போட்டோகிராபர். முதலாளி வேலியைத் திறந்து, நன்றாக முற்றிக் காய்ந்த ஒரு காயைக் காட்டி, காதைப் பொத்திக்கொள்ளும்படி சேட்டுக்குச் சைகை வேறு செய்தார். சேட்டு பயந்து பயந்து கிளையைப் பிடித்தார்.

கிலுகிலுகிலு.

காய்களுக்குள் காய்ந்த விதைகள் குலுங்கின. சேட்டு இன்னொரு கிளையைப் பிடித்தார். அதுவும் கிலுகிலு. ஓடைக்கரையில் எல்லாரும் சின்ன வயதில் பறித்துக் காதருகே ஆட்டி விளையாடிய கிலுகிலுப்பைச் செடி! அக்காவின் பெருமூச்சு பாதியில் நின்றது. ஒரு காயை அமுக்கிப் பார்த்தார் சேட்டு. அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவர் மெல்லக் கேட்டதைக் கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்.

“உங்க வெடியும் இப்படித்தானான்னு கேக்குறாக.”

சரக்கு நமத்துப்போகவில்லை என்று நிரூபிக்க அன்று சாயங்காலம்வரை பொட்டலில் வெடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆர்டர் கைநழுவாமல் தப்பியது. பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஸ்பெயின் விதையில ஓடைச்செடி எப்படிம்மா முளைக்கும்? மண்ணு எங்க எடுத்த?”

சொன்னேன். ஓடை மணலுக்குள் கிடந்த விதைகள்தான் முளைத்திருக்கின்றன. அவர் எழுந்து போய் வாளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“செடியைக்கூட மன்னிச்சிருப்பேன். பட்டாசுக் கம்பெனியில தீ வாளியைக் காலி பண்ணிப் பூ வளத்திருக்கியே! ஒரு பொறி விழுந்திருந்தா இத்தன பேரும் என்னாயிருப்பாக? நீ நாளையிலேருந்து வர வேண்டாம்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். பஸ்ஸில் விருதுநகர் வரை அழுதேன். வேலை போனதற்கு மட்டுமல்ல. அந்த அக்காக்கள் தினமும் அந்த அறைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு முன்பே கதை வீடு வந்து சேர்ந்திருந்தது. அத்தா ஜெயித்துவிட்டார். வாக்கு வாக்குதான் என்று கொண்டுவந்த மாப்பிள்ளைக்கு நான் மறுபேச்சு பேசவில்லை. பார்த்ததும் பிடித்துப்போய், “நல்ல மனுசராத்தான் தெரியுது அத்தா” என்றுகூடச் சொல்லிவிட்டேன். அத்தாவின் முகத்தில் முதல் முறையாகக் கவலை தெரிந்தது. சுண்டலைப் பார்த்து ‘அருமையா ஊறியிருக்கு’ என்று சொன்ன வாய் அல்லவா?

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் யாராவது “ஆட்டிப் பாத்தியா?” என்பார்கள். தொடங்கிவைத்தது அத்தா. என் நிக்காஹ் அன்று ஜமாஅத் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என்னை ஒப்படைத்தவர், பிடித்த கையை விடவில்லை. தோள் வரை குலுங்கும்படி பலமாக ஆட்டினார். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு திருமணப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“சத்தம் வரலே. எழுதிக்கங்க.”