அங்குலத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்

எங்களுக்குப் பேரன் பிறந்துவிட்டான். மகள் இருப்பது உலகத்தின் அந்தக் கோடி. செய்தி வந்த அன்றே என் மனைவி இரண்டு பெட்டிகளைத் தூசி தட்டினாள். ஒன்று எனக்காம். நானும் அன்றே சபதம் செய்தேன்: உயிரே போனாலும் விமானம் ஏறுவதில்லை. ஏறினால் உயிர் போய்விடும் என்பதுதானே பயமே!

இதை அவளிடம் சொல்ல முடியுமா? முப்பது வருஷத் தையல்காரனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. தூரத்தைச் சொல்லி அவளை மிரட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மகளின் பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்து வெட்டு மேசைமேல் வைத்து, கழுத்திலிருந்த டேப்பை உருவினேன்.

உருண்டைக்கு இடுப்பளவு நாற்பது அங்குலம். பூமிக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர். அங்குலத்துக்கு ஆயிரம்! அடேயப்பா!

மனைவி எனக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊர்லேர்ந்து மக ஊருக்குப் பதினாறு அங்குலம்! பதினாறாயிரம் கிலோமீட்டர்டி! வழியெல்லாம் கடல்!”

“ரொம்ப அளக்காதீங்க.”

ரோஷத்தில் டேப்பை இறுக்கிப் பிடித்தேன். அது கடலை விட்டு நழுவி மேலே ஏறி, வடக்கே பனிமேல் போய், அந்தப் பக்கமாக இறங்கியது. பதின்மூன்றரை! இரண்டரை அங்குலம் மிச்சம்! எத்தனை தொப்பைகளை அளந்திருக்கிறேன், பூமிக்கும் தொப்பை உண்டு, அதைச் சுற்றாமல் மேலே போனால் தூரம் குறையும் என்று தோன்றவே இல்லையே. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“பனிக்கு மேலயே போறோம்டி! பதினஞ்சு மணி நேரம்!”

“அப்புறம்?”

“காலையில ஒன்பதுக்கு ஏறுறோம். பதினஞ்சு மணி நேரம் பறக்குறோம். இறங்கினா அதே நாள், பகல் பன்னெண்டு! அங்க கடிகாரம் நமக்குச் சுமாரா பன்னெண்டு மணி நேரம் பின்னாடி!”

‘ஏறுறோம்’ என்று சொல்லிவிட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“கீழ பனி தெரியுமா?”

“தெரியாம? வெள்ளைத் துணியை விரிச்ச மாதிரி, ஒரு மடிப்பு இருக்காது!”

“எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்?”

“இடது பக்கம். வலது பக்கம் வெயில் கூசும்.”

“கேட்டுக்கிட்டியாம்மா? இடது பக்கமே ரெண்டு சீட்டு போட்டுடு.”

யாரிடம் சொல்கிறாள்? எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். என் பக்கம் தெரியாத மறு காதில், தோளோடு இடுக்கிய போன். மறுமுனையில் டிக்கெட் போடும் பெண்!

சபதம் நினைவுக்கு வந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பனியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பேரனையும்தான்.

“சரி, வர்றேன். ஆனா ஜன்னல் ஓரம் எனக்கு!” என்றேன் வீறாப்பாக.

“அது எனக்கு. நீங்கதான் ஏறினதிலேர்ந்து இறங்குற வரைக்கும் கண்ணையே திறக்கப் போறதில்லையே!”