அவிழ்ந்த தாலியும் ஆறிய பிரியாணியும்

கம்ப்யூட்டரில் நாலு பட்டன் தெரிந்த பையனை வீட்டில் வைத்திருப்பதும் ஆட்டுக்கிடாவை நடுக்கூடத்தில் கட்டி வைத்திருப்பதும் ஒன்றுதான். எப்போது எதை முட்டும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் கிடா நான்.

அக்கா பிரின்ஸிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அமல் அத்தான் நீடாமங்கலத்துக்காரர். வீடியோ எடுத்தவர், "எடிட் பண்ணி நானே தர்றேங்க" என்றுதான் சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்து, "கிளிப்பை மட்டும் குடுங்கண்ணே, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வந்தேன். (இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். யூடியூப் பார்த்து எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதாதா?)

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சம்பந்தி வீட்டார் பாபநாசத்துக்கு எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் சம்பந்திகள் முதன்முதலில் வந்து கை நனைத்தால்தான் உறவு உறுதியானதாக அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து போனால் ஊர் பேசும், பெண்ணுக்குப் போகிற இடத்தில் மரியாதை இருக்காது. அம்மா காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. மட்டன் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "அவங்கள சும்மா உக்கார வைக்காதடா, கல்யாண வீடியோவப் போடு" என்றாள்.

முடிந்த வீடியோ எங்கே இருக்கிறது? இருந்ததெல்லாம் வெறும் கிளிப்புகள். ஆனாலும் விடுவேனா? லேப்டாப்பை டிவியோடு இணைத்து எடிட்டிங் சாஃப்ட்வேரையே திறந்தேன். அத்தானின் அம்மா, எனக்கு அத்தை, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். டிவியில், கோயிலில் ஃபாதர் தாலியை ஆசீர்வதித்துக் கொடுக்க, அத்தான் அதை வாங்கிக் கட்டினார். அத்தைக்குக் கண் கலங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

"எந்த இடத்துல கட் பண்ணலாம்னு பாருங்க அத்தை" என்று மவுஸை முன்னும் பின்னும் இழுத்தேன். முன்னால் இழுத்தால் அத்தான் தாலி கட்டினார். பின்னால் இழுத்தால் அவிழ்த்தார். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். நான் பெருமையோடு சபையைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். "ஏசுவே! என்ன தம்பி பண்றீங்க?"

"ப்ரிவ்யூ பாக்கறேன் அத்தை."

"எம் புள்ள கட்டுன தாலிய அவுக்கறதுக்குப் பேரு ப்ரிவ்யூவா? நல்ல நாளும் அதுவுமா!"

அவசரமாக மவுஸைப் பிடித்தேன். முன்னால் தள்ளுகிறேன் என்று பின்னால் இழுத்துத் தொலைத்தேன். அந்த நேரம் பார்த்து சாஃப்ட்வேர் அப்படியே நின்றுவிட்டது. டிவி முழுக்க அக்காவின் வெறும் கழுத்து. கையில் தாலியோடு ஒதுங்கி நிற்கும் அத்தான்.

அக்கா பதறிப்போய்ச் சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினாள். "இங்கதான் அத்தை இருக்கு."

"இங்க இருக்கு, சரி கண்ணு. அங்க இல்லையே!" அத்தை டிவியைக் காட்டினார். "அது கழுத்துல ஏறாம நான் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "பிரியாணி ஆறுதுங்க சம்பந்தி."

"ஆறட்டுங்க."

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பார்த்தால் நான் எதையுமே சேவ் செய்யவில்லை. இனி அந்தக் கிளிப்பை முதலிலிருந்து தேட வேண்டும். பெயரெல்லாம் வெறும் நம்பர். ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அவற்றை மூன்று ஃபோல்டர்களில் வேறு போட்டு வைத்திருந்தேன்: 'முக்கியம்', 'ரொம்ப முக்கியம்', 'அப்புறம் பார்க்கலாம்'.

'ரொம்ப முக்கியம்' திறந்தேன். டிவியில் அத்தை, பூசை நடுவே வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். மூடினேன். அடுத்ததில் அத்தான் கார் கண்ணாடியில் மீசையை நீவிக்கொண்டிருந்தார். அதற்கடுத்து அத்தானின் அப்பா பந்தியில் நல்லி எலும்போடு மல்லுக்கட்டினார். ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு மூட, யாரும் சிரிக்கவில்லை. வாசலில் அவர்கள் வந்த காரின் டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையை ஒரு மவுஸால் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

அத்தான் மட்டும் என் காதருகே குனிந்து, "மச்சான், சீக்கிரம் எனக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. பசி உயிர் போவுது" என்றார்.

கடைசியில் கிளிப் கிடைத்தது. 'அப்புறம் பார்க்கலாம்' ஃபோல்டரில். அத்தை அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். "எம் புள்ள தாலி கட்றது உங்களுக்கு அப்புறம் பாக்கற விஷயமா தம்பி?" கிளிப்பை ஓடவிட்டேன். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அத்தான் குனிந்தார், முடிச்சுப் போட்டார், நிமிர்ந்தார்.

"நிறுத்துங்க! மவுஸக் கீழ வைங்க!"

போலீஸில் பிடிபட்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன். அத்தை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு இலைக்கு வந்தார். அம்மா முதல் கரண்டி பிரியாணியைப் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறிப்போன பிரியாணியை யாரும் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது ஹார்ட் டிஸ்க்கை அத்தை தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கல்யாண வீடியோவைப் பழைய வீடியோக்காரரே முடித்துக் கொடுத்தார்.

இப்போது அக்கா மகளுக்குப் புதுநன்மை வருகிறது. முதன்முதலாக ஃபாதர் கையால் நற்கருணை அப்பத்தை வாயில் வாங்கப் போகிறாள். தாய்மாமன் என்ற உரிமையில், வீடியோவை நானே எடுக்கிறேன் என்று அத்தைக்குப் போன் செய்து சொன்னேன்.

"எடுங்க தம்பி, தாராளமா எடுங்க" என்றார் அத்தை. "ஆனா ஃபாதர் வாயில குடுத்த நன்மைய மட்டும் திருப்பி வெளிய எடுத்துராதீங்க."